பேமேக்ஸ் பாதியில் விட்ட சிகிச்சை

குழந்தைகளுக்கான மனநல ஆலோசகராக இருக்கும் எனக்கு, வீட்டில் ஒருவரை இழந்த பிள்ளைகளோடு பேச்சைத் தொடங்க 'பிக் ஹீரோ 6' பலமுறை கைகொடுத்திருக்கிறது. 2014-இல் டிஸ்னி வெளியிட்டு, மறு ஆண்டு ஆஸ்கர் விருதும் பெற்ற இந்த அனிமேஷன் படத்தைத் துக்கத்தில் இருக்கும் பிள்ளைக்குக் காட்டலாமா என்று பெற்றோர் கேட்டால், காட்டலாம், ஆனால் தனியாக உட்கார வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடாதீர்கள் என்பேன். ஏன் என்பதை விளக்கக் கதையின் முடிவையும் சொல்ல வேண்டியிருக்கிறது. படம் பார்க்காதவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஓவிய அழகில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சான் பிரான்சிஸ்கோவையும் டோக்கியோவையும் குழைத்து உருவாக்கிய கற்பனை நகரத்தில் மட்டும் ஏறத்தாழ 83,000 கட்டடங்களும் 2,60,000 மரங்களும் உண்டு. அந்த நகரத்தின் மேல் ரோபோவின் முதுகில் ஏறி, ஹிரோ என்ற சிறுவன் பறக்கும் காட்சியை நானே பலமுறை பார்த்திருக்கிறேன்.

முதல் பாதியின் கதையும் அந்த அழகுக்கு ஈடாகவே நிற்கிறது. 14 வயது ஹிரோவின் அண்ணன் டாடாஷி, தீப்பிடித்த கட்டடத்துக்குள் தன் பேராசிரியர் காலஹனைக் காப்பாற்ற ஓடி இறந்துபோகிறான். அவன் உருவாக்கிய மருத்துவ ரோபோவான பேமேக்ஸ், வலி ஒன்று முதல் பத்துக்குள் எவ்வளவு என்று கேட்டு, இழப்பைப் பற்றிய தகவல்களைத் தேடிப் படித்து, அண்ணனின் நண்பர்களை ஹிரோவிடம் வரவழைக்கிறது. துக்கத்தில் இருப்பவரைத் தனியே விடாமல் உறவுகளை அருகில் கொண்டுவருவதுதான் நாங்களும் முதலில் செய்வது.

அதற்குப் பின் முகமூடி வில்லன், துரத்தல், குழுச் சண்டை என்று கதை பழகிய தடத்தில் இறங்கிவிடுகிறது. வில்லனாகும் பேராசிரியர் காலஹனும் மகளை இழந்துவிட்டதாக நம்பும் தகப்பன்தான். ஒரே துயரம் ஒருவனைப் பழிவாங்கலுக்கும் இன்னொருவனை மீட்சிக்கும் கொண்டுசெல்வதை எதிரெதிரே வைத்துக் காட்டக் கிடைத்த அருமையான வாய்ப்பை, அவரைக் காவலர்கள் அழைத்துச் செல்லும் ஒரு காட்சியோடு முடித்துவிடுகிறார்கள்.

எனக்குப் பெரிய சிக்கல் வேறொன்று. காலஹனின் மகள் அபிகேல் உயிரோடு மீட்கப்படுகிறாள். தன்னைப் பலிகொடுத்த பேமேக்ஸும், அது விட்டுச்சென்ற இயந்திரக் கைக்குள் இருந்த, அதை இயக்கும் சிப்பின் உதவியால் திரும்பி வருகிறது. இறந்தவர் மீள மாட்டார் என்பது பெரும்பாலும் 5 முதல் 7 வயதுக்குள்தான் குழந்தைகளுக்குப் பிடிபடத் தொடங்குகிறது. பிடிபட்ட பிறகும், சொந்த வீட்டில் சாவு விழுந்தால் அந்தப் புரிதல் ஆட்டம் காணும். அண்ணனை இழந்த எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்) இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் கேட்ட கேள்வி: "எங்க அண்ணனோட சிப்பு யார்கிட்ட இருக்கு?" அண்ணன் சாமியிடம் போயிருக்கிறான் என்று வீட்டில் அதுவரை சொல்லி வந்திருந்தார்கள். போனவன் திரும்பி வரலாம் என்று அவன் எண்ணியதில் வியப்பில்லை. இறந்துவிட்டான், உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது, இனி வர மாட்டான் என்று தாயின் வாயாலேயே சொல்ல வைக்க எங்களுக்கு இரண்டு அமர்வுகள் பிடித்தன.

ஆகவே, டாடாஷி தோற்றுத் தோற்று பேமேக்ஸைச் சோதித்த பழைய காணொளிகளை ஹிரோ பார்க்கும் இடத்தில் படத்தை நிறுத்தி, நம் வீட்டில் இறந்தவரின் படங்களை எடுத்து வைத்துப் பேசுங்கள் என்று பெற்றோரிடம் கேட்டுக்கொள்கிறேன். மீதிப் படத்தை மறுநாள் பார்க்கலாம். சண்டைக்காட்சிகள் எங்கும் ஓடிவிடாது.

சிகிச்சையில் திருப்தி என்று நோயாளி சொன்னால்தான் பேமேக்ஸ் ஓயும். அந்தச் சிறுவன் மூன்றாம் அமர்வில், தாய் அழத் தொடங்கியதும், "எனக்குத் திருப்தி" என்று சொல்லி எழுந்து கதவருகே போனான். நான் ரோபோ இல்லையே என்றேன். சற்று யோசித்துவிட்டுத் திரும்பி வந்து, அம்மாவின் மடியில் உட்கார்ந்துகொண்டான்.