ஹெல்த் லிட்டரசி: ‘சுகாதார எழுத்தறிவு’ என்பது சரியா?

எங்கள் சித்திக்கு சுகர் வந்து ஏழு வருஷம் ஆகிறது. டாக்டர் சொன்ன அன்றே காபியில் சர்க்கரையை நிறுத்திவிட்டு, நாட்டுச் சர்க்கரைக்கு மாறினார். மதியம் தட்டு நிறையச் சோறு மட்டும் அப்படியே இருந்தது. கேட்டால், “சோறு என்ன இனிக்கவா செய்யுது?” என்பார். சித்தி பன்னிரண்டாவது படித்தவர், நாளிதழை வரி விடாமல் வாசிப்பவர். எழுத்தறிவில் ஒரு குறையும் இல்லை. அவருக்குக் கிடைக்காமல் போன வேறொரு அறிவைத்தான் ஆங்கிலத்தில் ஹெல்த் லிட்டரசி என்கிறார்கள்.

‘லிட்டெரா’ என்றால் லத்தீனில் எழுத்து. அதிலிருந்து வந்தது லிட்டரசி. ஹெல்த் லிட்டரசி என்ற தொடரை 1974இல் ஸ்காட் சைமண்ட்ஸ் என்ற அமெரிக்கர் பள்ளிகளில் நலக் கல்வி பற்றி எழுதியபோது பயன்படுத்தினார். இன்று அதன் பொருள் விரிந்துவிட்டது. உடல்நலத் தகவலைத் தேடுவது, புரிந்துகொள்வது, நம்பலாமா என்று எடைபோடுவது, அன்றாடம் கடைப்பிடிப்பது எல்லாம் அதில் அடக்கம். ஃபுட் லிட்டரசி அதன் தங்கை: கடையில் வாங்குவதிலிருந்து தட்டில் அளவாகப் போட்டுக்கொள்வது வரை.

தமிழில் ‘சுகாதார எழுத்தறிவு’ என்று சொல்லுக்குச் சொல் போட்டுவிடுகிறார்கள். எனக்கு ஒட்டவில்லை. சுகாதாரம் என்றதும் நமக்கு நினைவு வருவது குப்பை வண்டியும் கொசு மருந்தும். எழுத்தறிவு என்றால் கைநாட்டு வைத்தவர் கையெழுத்துப் போடக் கற்பது. நலவறிவு, உணவறிவு என்பதே போதும். அறிவு என்றால் வெறும் தகவல்தானே என்று கேட்கலாம். பட்டறிவு என்கிறோமே, அது தகவலா?

அப்புறம், நோயின் பெயருக்கு வருவோம். நீரிழிவில் உள்ள இழிவு, தாழ்வு அல்ல. இழிதல் என்றால் கீழே வழிந்து இறங்குதல். டயாபடிஸ் என்ற கிரேக்கச் சொல்லும் ஊடே கடந்து ஓடுவதைத்தான் குறிக்கிறது. இரண்டுமே அடிக்கடி சிறுநீர் போவதைப் பார்த்து வைத்த பெயர்கள். நம் வாயில் நின்றதோ சர்க்கரை வியாதி. சுகரும் அதேதான், வடமொழி ‘சர்க்கரா’ அரபு வழியாக ஐரோப்பா போய்த் திரும்பி வந்த உருவம். இந்தப் பெயரே பாதி ஆட்களைத் தவறான பக்கம் திருப்பிவிடுகிறது. இனிப்பை விட்டால் போதும் என்று நினைத்துவிடுகிறோம். சோறும் மைதாவும் வயிற்றில் குளுக்கோஸாகத்தான் மாறுகின்றன.

‘சுகர் ஃப்ரீ’ பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சர்க்கரை 0 கிராம் என்றிருக்கும். அதற்கு மேல் வரியில் 100 கிராமுக்குக் கார்போஹைட்ரேட் (மாவுச்சத்து) 70 கிராம் என்று இருந்தால், 8 கிராம் பிஸ்கட் நான்கு தின்றால் 22 கிராமுக்கு மேல் உள்ளே போகிறது. இந்தக் கணக்கைப் போடத் தெரிவதுதான் உணவறிவு.

நீரிழிவுக் கல்வி, அதாவது ஆஸ்பத்திரியில் நமக்குச் சொல்லித் தருவது, ஊற்றுவது. நலவறிவு என்பது பாத்திரத்தில் எவ்வளவு நின்றது என்பது. “புரிஞ்சுதா?” என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவோம். “வீட்டுக்குப் போய் என்ன செய்வீங்க, சொல்லுங்க பார்க்கலாம்” என்று கேட்கும் செவிலியருக்குத்தான் எது நிற்கவில்லை என்று தெரியும்.

லோ சுகரில், அதாவது ரத்தத்தில் சர்க்கரை அளவு மிகவும் குறைந்துபோகும்போது, இது இன்னும் கூர்மையாகத் தெரியும். இன்சுலின் போடுகிறவருக்குக் கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, அளவு 70க்குக் கீழே இறங்கும்போது சர்க்கரைதான் மருந்து. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடித்துவிட்டு, 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐக் கூப்பிட வேண்டும். பல வருஷம் சர்க்கரைக்குப் பயந்தவர் அந்த நேரத்திலும் சர்க்கரை டப்பாவைத் தள்ளிவிட்டு, சர்க்கரைக்குப் பதிலாக இனிப்புக்குப் போடும் சுகர் ஃப்ரீ மாத்திரையைக் கரைத்துக் குடிப்பதுண்டு. ரத்தத்தில் சர்க்கரை ஏறுவதற்கு அதில் ஒன்றுமே இல்லை.