ஸ்க்ரூஜ் சிக்கனக்காரரா?

சார்லஸ் டிக்கன்ஸ் 1843 டிசம்பரில் வெளியிட்ட ‘எ கிறிஸ்துமஸ் கரோல்’ குறுநாவலுக்குத் தமிழில் கதைச்சுருக்கம் எழுதுகிறவர்கள் ‘ஸ்க்ரூஜ் என்ற சிக்கனக்காரர்’ என்று தொடங்குகிறார்கள். ஒருமுறை என்றால் விட்டுவிடலாம், கண்ணில் படுவதெல்லாம் இதுதான். கையிறுக்கமான முதலாளி ஸ்க்ரூஜ், மூன்று ஆவிகள் வந்து காட்டும் காட்சிகளைப் பார்த்துத் திருந்துவதுதான் கதை.

ஆங்கிலத்தில் ஸ்க்ரூஜைக் குறிக்க வழங்கும் சொல் மைசர் (miser). லத்தீனில் அதற்குப் பரிதாபத்துக்குரியவன் என்று பொருள். பிறகுதான் பணத்தைப் பூட்டிவைத்துத் தானும் பட்டினி கிடப்பவனைக் குறித்தது. வரலாறு அவ்வளவுதான்.

சிக்கனம் என்றால் தேவைக்குச் செலவழித்து வீணைத் தவிர்ப்பது. நம் வீடுகளில் அது பாராட்டு. ஸ்க்ரூஜ் செய்தது என்ன? நிலக்கரிப் பெட்டியைத் தன் அறையில் வைத்துக்கொண்டார். குமாஸ்தா பாப் கிராட்சிட்டின் அடுப்பில் ஒரே ஒரு கரித்துண்டு கிடப்பதுபோல் இருந்தது. கரி அள்ள வந்தால் வேலை போய்விடும் என்ற மிரட்டல் வேறு. பாவம், அந்த மனிதர் கழுத்துத்துணியைச் சுற்றிக்கொண்டு மெழுகுவத்திச் சுடரில் குளிர்காய்ந்தார். இதற்குப் பெயர் சிக்கனமா? அப்படியானால், கடைசியில் ஸ்க்ரூஜ் மாறியதை ‘சிக்கனக்காரர் ஊதாரியானார்’ என்றல்லவா சொல்ல வேண்டும்!

அடுத்தது கஞ்சன். பேச்சில் சரிதான், ஆனால் அதில் கேலிதான் அதிகம். டீக்குக் காசு கொடுக்காத நண்பனும் கஞ்சன்தான். போதாக்குறைக்கு, திருப்பாவையில் வரும் கஞ்சன் கண்ணனின் மாமன். உலோபி வடசொல்.

பொருத்தமான சொல் திருக்குறளில் இருக்கிறது. வள்ளுவர் 437ஆம் குறளில் ‘செயற்பால செய்யாது இவறியான்’ என்கிறார். கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுக்காமல் பிடித்துக்கொள்வது இவறல். இவறியானின் செல்வம் எஞ்சி நிற்காமல் கெடும் என்று அந்தக் குறள் முடிகிறது. மூன்றாம் ஆவி ஸ்க்ரூஜுக்குக் காட்டியதும் இதைத்தான்: பிணம் கட்டிலில் கிடக்கும்போதே வேலைக்காரி படுக்கைத் திரையை வளையங்களோடு கழற்றிப் பழைய சாமான்காரனிடம் விற்றுவிடுகிறாள்.

ஆனால் அவர் மாறத் தொடங்கியது அந்தப் பயத்தால் அல்ல. அதற்கு முன்பே, தன் பழைய முதலாளி ஃபெசிவிக் அந்தக் காலத்தில் கொடுத்த விருந்தை ஸ்க்ரூஜ் பார்க்கும்போது ‘மூன்று நாலு பவுண்டுதானே செலவு’ என்று முதல் ஆவி சீண்டுகிறது. ஃபெசிவிக் தந்த சந்தோஷம் ஒரு பெருஞ்செல்வத்துக்குச் சமம் என்று ஸ்க்ரூஜ் சட்டென்று பதில் சொல்கிறார். உடனே தன் குமாஸ்தாவிடம் ஒரு வார்த்தை பேசத் தோன்றுகிறது. ‘ஆவிகளுக்குப் பயந்து மனம் மாறினார்’ என்று முடித்துவிடும் உரைகள் இதைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன. மனம் மாறுவது என்றால் சினிமாவுக்குப் போகலாமா கோயிலுக்குப் போகலாமா என்பதிலும் மாறும். இவர் திருந்தினார்.

இவறுதல் வினைச்சொல்லாக இருப்பதும் இந்தக் கதைக்கு வசதி. கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் கரிக்கு இவறியவர், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சம்பளத்தை உயர்த்துவதாகச் சொல்லி, அடுத்த எழுத்துக்குப் புள்ளி வைப்பதற்குள் இன்னொரு கரிவாளி வாங்கி வரச் சொல்கிறார், இவறாமல். சிக்கனத்தை வைத்து இந்த வாக்கியத்தை எழுதிப் பாருங்கள், தலைகீழாகும். ‘இவறியான்’ வாசகருக்குப் புரியாது என்று பயந்தால் ‘கருமி’ என்றாவது போடுங்கள். அகராதியில் முதலில் கண்ணில் பட்ட சொல்லை எடுத்து ஒட்டாதீர்கள்.