மஞ்சள் கொடி விழவில்லை என்பதற்காக

வெள்ளிக்கிழமை இரவு அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் தலையோடு தலை மோதிய பதினாறு வயது மாணவனைத் திங்கட்கிழமைதான் என்னிடம் அழைத்து வந்தார்கள். இரண்டு நாளும் தலைவலி, வெளிச்சத்தைப் பார்த்தால் கூச்சம். தாமதம் ஏன் என்று கேட்டதற்கு, "நடுவர் கொடியே எறியவில்லையே, டாக்டர்" என்றார் தந்தை. இந்தப் பருவத்தில் இந்த விடையைக் கேட்பது எனக்கு நான்காவது முறை.

கொடி என்பது விதி மீறப்பட்டதாக ஒரு நடுவர் கணப்பொழுதில் எடுக்கும் முடிவு. மூளை எவ்வளவு குலுங்கியது என்பதை அது அளப்பதில்லை. தொழில்முறை ஆட்டத்தில்கூட அந்த முடிவு ஒரே சீராக இருப்பதில்லை. 2019 ஜனவரி 20 அன்று நியூ ஆர்லியன்ஸில், ராம்ஸ் அணியின் நிக்கல் ராபி-கோல்மன், பந்து வந்து சேருமுன்பே செயின்ட்ஸ் அணியின் டாமிலீ லூயிஸ் மீது மோதினார், கொடி விழவில்லை. பிறகு, ஹெல்மெட்டோடு ஹெல்மெட் மோதியதற்காக தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் நிர்வாகமே ராபி-கோல்மனுக்கு 26,739 டாலர் அபராதம் விதித்தது. 2022 அக்டோபரிலோ, கிரேடி ஜாரெட், எதிரணியில் பந்தெறியும் டாம் பிரேடியை வழக்கமான முறையில் சாய்த்ததற்கே கொடி விழுந்தது. இவ்விரண்டில் எது ஆபத்தான மோதல் என்பதைக் கொடியைக் கொண்டு முடிவு செய்ய என்னால் இயலாது.

பந்தைப் பிடிக்கும் விதியும் இதில் சிக்கிக்கொள்கிறது. பந்தைப் பிடிக்க முயல்பவரும், பிடித்த பின் மோதலைத் தவிர்க்க அவகாசம் கிடைக்காதவரும் தற்காப்பற்ற ஆட்டக்காரர்கள். அவர்களுடைய தலையிலோ கழுத்திலோ வலிந்து மோதக் கூடாது. ஆனால் அந்த அவகாசம் எந்தக் கணத்தில் முடிகிறது என்பதில் நடுவருக்கு நடுவர் கணிப்பு மாறுகிறது. பந்தைப் பிடித்தாரா இல்லையா என்பதே, என்எஃப்எல் ஆட்டங்களில், 2015இல் டெஸ் பிரையன்ட் விஷயத்திலும் 2017இல் ஜெஸ்ஸி ஜேம்ஸ் விஷயத்திலும், வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்த பிறகும் சர்ச்சையாகவே நின்று, 2018இல் விதியையே திருத்தி எழுத நேர்ந்தது. அப்படிப்பட்ட ஒன்றைப் பள்ளி மைதான விளக்கொளியில் உள்ளூர் நடுவர் வெறுங்கண்ணால் தீர்மானிக்கிறார். (அவரை நான் குறை சொல்லவில்லை, அந்த விசிலை என் கையில் கொடுத்தால் நான் ஓடிவிடுவேன்.)

தலைவலி, குமட்டல், தடுமாற்றம், கேட்டதையே திரும்பக் கேட்பது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்று பிள்ளை களத்துக்குத் திரும்பவே கூடாது. மயங்கி விழவில்லை, ஸ்கேனில் ஒன்றுமில்லை என்பவை மூளையதிர்ச்சி இல்லை என்பதற்குச் சான்றாகா. வாந்தி தொடர்ந்தாலோ, தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, எழுப்புவதே கடினமானாலோ உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டு செல்லுங்கள், திங்கட்கிழமைக்காகக் காத்திருக்காதீர்கள். பயிற்சியாளர் கேட்டால் "ஒன்றுமில்லை" என்றுதான் பிள்ளை சொல்வான். வீட்டுக்கு வந்ததும், தயவுசெய்து, நீங்கள் இன்னொரு முறை கேளுங்கள்.