வேலை நிற்பதும் வீடியோ போடுவதும்

கோலாலம்பூரில் கம்பெனிகளுக்கு ஆள் பார்த்துக் கொடுப்பது என் தொழில். அண்மையில் கிள்ளான் தம்பி ஒருவரைப் பங்சாரில் ஒரு கம்பெனிக்கு நேர்முகத் தேர்வுக்கு அனுப்பினேன். லாஜிஸ்டிக்ஸில் ஒரே இடத்தில் நான்கு வருடம். பேச்சும் தெளிவு. தேர்வு நன்றாகத்தான் போனது. மறுநாள் அங்கே போனபோது, மேலாளர் தன் கைப்பேசியைத் திருப்பி என்னிடம் காட்டினார்.

டிக்டாக் வீடியோ. தம்பி கழுத்திலிருந்த பாஸைக் கழற்றிக் குப்பைத் தொட்டியில் போடுகிறார். "இன்னையோட வேலை நின்னுட்டேன்" என்று சிரிக்கிறார். அவருக்குப் பின்னால் சுவரில் வெள்ளைப் பலகை. அதில் வாடிக்கையாளர் பெயர்கள், லோரி எண்கள், எந்தச் சரக்கு எத்தனை மணிக்குப் போகிறது என்பது வரை பளிச்சென்று தெரிகிறது.

"கோபம் எல்லாருக்கும் வரும். அந்த போர்டைப் பாருங்க" என்றார் மேலாளர். அதோடு ஃபைலை மூடிவிட்டார்.

பிறகு பிரிக்பீல்ட்ஸில் தம்பியோடு உட்கார்ந்து தே தாரிக் குடித்தபடி முழுக் கதையையும் கேட்டேன். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. சம்பளம் 2,800 வெள்ளி (ரிங்கிட்). ஐந்து மாதமாக ஓவர்டைம் பணம் வரவில்லை. கேட்டால் அடுத்த மாதம் என்றார்களாம். பஞ்ச் கார்டை மாதாமாதம் படம் எடுத்துக் கைப்பேசியில் வைத்திருந்தார். என் மனசு ஆறாதது இங்கேதான். 4,000 வெள்ளி வரை சம்பளம் வாங்குகிறவருக்கு ஓவர்டைம் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம். சாதாரண நாளில் மணிக்கூலியைப் போல ஒன்றரை மடங்கு. அந்தப் படங்களோடு தொழிலாளர் இலாகாவுக்குப் போயிருந்தால் போதும், வக்கீல்கூட வேண்டாம். இவ்வளவு ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீடியோ போட்டிருக்கிறார்.

"24 மணி நேர நோட்டீஸ் கொடுத்துட்டேன்க்கா" என்றார். இந்தச் சொல்லை வாரம் ஒருமுறையாவது கேட்கிறேன். ஒப்பந்தத்தில் நோட்டீஸ் காலம் எழுதவில்லை என்றால், இரண்டு முதல் ஐந்து வருடத்துக்குள் வேலை செய்தவர் ஆறு வாரம் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் நின்றால் அந்த ஆறு வாரச் சம்பளத்தை முதலாளி நம்மிடம் கேட்கலாம். இன்னொன்று, சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் வேலைக் காப்புறுதி வேலையை இழந்தவருக்குத்தான். தானாக விலகியவருக்குக் கிடையாது. முதலாளியின் செயலால் வேறு வழியின்றி வெளியேறினேன் என்று வாதாட நம் நாட்டில் இடம் உண்டு. அதற்கு 60 நாட்களுக்குள் தொழில் உறவு இலாகாவில் முறையிட வேண்டும். ஆனால் நானே நின்றுவிட்டேன் என்று சிரித்துக்கொண்டு சொல்லும் வீடியோ எதிர்த்தரப்பின் கையில் இருந்தால் அந்த வாதம் எவ்வளவு தூரம் போகும்?

இளையவர்கள் உடனே மரீனா ஷிஃப்ரினைச் சொல்வார்கள். 2013-இல் தைப்பேயில், விடியற்காலை ஆளில்லாத ஆபீஸில் ஆடி வீடியோ போட்டு வேலையை விட்ட அமெரிக்கப் பெண். அவருக்கு டிவி நிகழ்ச்சியிலேயே வேலை தருவதாகச் சொன்னார்கள், உண்மைதான். ஆனால் வீடியோ தயாரிப்பதுதான் அவர் தொழில். அந்த ஆட்டமே அவருடைய வேலைத் திறமைக்கு ஒரு மாதிரியாக அமைந்துவிட்டது. கணக்கரோ நர்ஸோ அதேபோல் ஆடினால் பார்க்கிறவர்கள் வேறு கணக்குப் போடுவார்கள்.

நம் வட்டமும் சின்னது. தமிழ்ப்பள்ளி பழைய மாணவர் குழு, கோயில் கமிட்டி, மாமா மகன் வேலை செய்யும் இடம் என்று மூன்றே கை மாறி வீடியோ வந்து சேர்ந்துவிடும். இந்த மேலாளருக்கு வந்ததும் வாட்ஸ்அப்பில்தான். அழித்துவிட்டேன் என்று தம்பி சொன்னது பொய்யில்லை. அவர் அழிக்கும் முன்பே யாரோ சேமித்திருக்கிறார்கள்.

ஏற்கெனவே போட்டுவிட்டவர்களுக்கு நான் சொல்வது: மறைக்காதீர்கள். நேர்முகத்தில் அவர்கள் கேட்கும் முன் நீங்களே சொல்லுங்கள். என்ன நடந்தது, எதில் தவறினேன், இரண்டு நிமிடம் போதும். பழைய முதலாளியைத் திட்ட வேண்டாம். தம்பியை அன்றே என் எதிரில் சொல்லிப் பார்க்க வைத்தேன். முதல் முறை குரல் உடைந்தது. மூன்றாவது முறை, "அந்த போர்டை நான் கவனிச்சிருக்கணும், வாடிக்கையாளர் விஷயம் அது" என்று அவராகவே சேர்த்துக்கொண்டார்.

மறு வாரம் பஞ்ச் கார்டு படங்களை அச்செடுத்துக்கொண்டு தொழிலாளர் இலாகாவுக்குப் போயிருக்கிறார்.