தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டு டிசைனைச் சொல்லுங்கள்

இந்த ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து எனக்கு வந்த மூன்றாவது போன் அது. ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் ஸ்கூட்டியை கேட்டுக்கு வெளியே இறக்கும்போது வண்டியோடு சரிந்திருக்கிறார். மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு. வீடு கட்டி முடித்து எட்டு மாதம்தான் ஆகிறது. போய்ப் பார்த்தேன். கேட்டிலிருந்து போர்டிகோ வரை ஸ்டாம்ப்டு கான்கிரீட், அதாவது ஈரமாக இருக்கும்போதே அச்சை அழுத்தி டிசைன் விழ வைப்பது; கருங்கல் பாவியது போல அச்சு, அதற்கு மேல் கண்ணாடி மாதிரி மின்னும் கோட்டிங். அழகு என்னவோ அழகுதான். செருப்பைப் போட்டுக்கொண்டு இரண்டடி வைத்த நானே சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

அவருடைய மகன் கேட்டார்: “டிசைன் மேடும் பள்ளமுமா இருக்கே சார், அப்புறம் எப்படி வழுக்கும்?”

இருபது வருடமாக வீடு கட்டிக் கொடுக்கிறேன். இதே கேள்வியை எத்தனை பேர் என்னிடம் கேட்டிருப்பார்களோ! அச்சில் விழும் பள்ளம் கண்ணுக்கு. காலுக்கும் டயருக்கும் பிடிப்பு தருவது, உள்ளங்கையால் தடவினால் மணல்தாள் போல நெருடும் சின்னஞ்சிறு சொரசொரப்பு. கல் டிசைனில் ஒவ்வொரு ‘கல்லும்’ ஒரு முழம் அகலம். உங்கள் பாதம் நிற்பது அதன் நடுவில், இரண்டு பள்ளத்துக்கும் இடையில். அந்த இடத்தில் இருக்கும் கொஞ்சநஞ்ச நெருடலையும் மேலே இரண்டு மூன்று கோட் அடிக்கும் அந்த மின்னும் கோட்டிங், பளபளப்பு சீலர், மூடிவிடுகிறது. மழைத் தண்ணீர் அதன் மேல் ஏடு போலப் படர்ந்துவிட்டால் கால் தரையைத் தொடுவதே இல்லை, தண்ணீரைத்தான் தொடுகிறது. டயரில் பட்டன் தேய்ந்தால் ஓடிப்போய் மாற்றுகிறீர்களே, தரையில் மட்டும் ஏன் காசு கொடுத்து பட்டனைத் தேய்க்கிறீர்கள்?

பளபளப்பு இருந்தால்தான் நல்ல வேலை என்ற எண்ணம் நம் ஊரில் வேரோடிப் போயிருக்கிறது. மேஸ்திரியைக் குறை சொல்லிப் பயனில்லை. மணியாஸ் கட்டையால் (தேய்த்து மட்டம் செய்யும் மரக்கட்டை) தேய்த்ததோடு நிறுத்தினால், “என்னப்பா, பாதியில விட்டுட்டுப் போற?” என்று நாம்தான் கேட்கிறோம். அவரும் சிமெண்ட் தூளைத் தூவி, கரணையால் இழைத்து, வழவழவென்று ஆக்கிவிட்டுப் போகிறார். அந்தத் தூவிய சிமெண்ட்தான் ஆறு மாதத்தில் வலை வலையாக வெடித்து, புழுதியாகக் கிளம்பும். அது வேறு கதை.

சரி, என்னதான் போடுவது? என்னைக் கேட்டால் வாட்டம், அதாவது சரிவு, அதிகமுள்ள இடத்துக்குத் துடைப்பக் கோடு. கான்கிரீட் மேல் ஊறி வரும் தண்ணீர் அடங்கியதும், நைலான் பிரஷ்ஷை வாட்டத்துக்குக் குறுக்காக ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். வாட்டத்தோடு நீளவாக்கில் இழுத்தால் பாதிப் பயன் போச்சு. தென்னந்துடைப்பம் வேண்டாம், கோடு தாறுமாறாக விழும். ‘மாட்டுக்கொட்டாய் மாதிரி இருக்கும்’ என்பவர்கள் ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்கு வேறு நிறத்தில் பட்டை விடுங்கள், தோற்றமே மாறிவிடும். கொஞ்சம் செலவு செய்ய முடியுமானால், மேல் சிமெண்டைக் கழுவி கூழாங்கல் தெரிய விடும் முறை அருமை. ஆனால் உருண்டைக் கல்லாக இருக்கட்டும். உடைத்த ஜல்லி வெறுங்காலைப் பதம் பார்க்கும். கருப்பு, அடர் சாம்பல் நிறங்களைச் சித்திரை மதியம் மிதித்தவர்கள் மறுபடி கேட்க மாட்டார்கள்.

ஸ்டாம்ப்டுதான் வேண்டும் என்று வீட்டில் ஒரே பிடிவாதமா? போடுங்கள். மினுங்காத சீலரை மெல்லியதாக அடிக்கச் சொல்லுங்கள், அதில் வழுக்காமலிருக்கக் கலக்கும் பொடியும் சேரட்டும். கான்கிரீட் போட்டு 28 நாள் ஆகும் முன் சீலர் அடிக்க விடாதீர்கள். உள்ளே ஈரம் மாட்டிக்கொண்டால் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். பழைய தரை மேலேயே அரை அங்குலம் பூசி அச்சுப் போட்டுத் தருகிறேன் என்று யாராவது வந்தால், காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். கார் ஏறி இறங்க இறங்க அது பெயர்ந்து வரும்.

இன்னொன்று, டிசைன் எதுவானாலும் விரிசலை மறைக்காது. காருக்கு நான்கு அங்குல கனம், விரிசல் கண்டபடி ஓடாமல் இருக்க எட்டு பத்தடிக்கு ஒரு ஜாயிண்ட் வெட்டு, கனத்தில் கால்வாசி ஆழத்துக்கு. தண்ணீர் லாரி உள்ளே வருமென்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். 12,000 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டுமே 12 டன். போட்ட கான்கிரீட்டை நனைப்பது குறைந்தது 10 நாள். நாம் பெரும்பாலும் வாங்கும் பிபிசி சிமெண்டுக்கு (சாம்பல் கலந்த சிமெண்ட்) கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 சொல்லும் கணக்கு அது. மூன்றாம் நாளே சாக்கை எடுத்துவிட்டு, மூன்றாம் மாதம் எனக்கு போன் செய்யாதீர்கள்.

அம்மாக்கள் கேட்பது கோலம். நியாயமான கேள்வி. வாட்டம் முடிந்து மட்டமாக இருக்கும் இடத்தில், நடக்கிற வழியிலிருந்து விலக்கி, மூன்றடிக்கு மூன்றடி இழைத்து விடுங்கள். மார்கழிக்கு அது போதும்.

தேர்வு செய்யும் முறையும் எளிதுதான். கேட்லாக்கைப் பார்த்து முடிவு செய்யாமல், இரண்டடிக்கு இரண்டடி மாதிரி ஒன்று போடச் சொல்லுங்கள். வீட்டில் இருக்கிறதிலேயே தேய்ந்த ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, கையைப் பிடிக்க ஓர் ஆள் வைத்துக்கொண்டு அதன் மேல் நில்லுங்கள்.

ஏற்கெனவே வழுவழு தரையோடு இருப்பவர்கள் தயவுசெய்து பாத்ரூம் ஆசிட்டை ஊற்றாதீர்கள். கோட்டிங் பெயர்ந்த இடத்தில் அது சிமெண்டை அரிக்கும். பாசிக்கு ப்ளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சுக்கே ஆபத்து. மழைக்குச் சாக்கும் விரிக்க வேண்டாம், சாய்வில் அது உங்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். கோட்டிங்கை உரிக்க ஆள் வரும் வரை வண்டியைப் போர்டிகோவுக்கு ஏற்றாமல், கேட்டை ஒட்டி மட்டமான இடத்திலேயே நிறுத்துங்கள். வீட்டுப் பெரியவர்கள் இறங்கும்போது யாராவது கூடப் போங்கள்.