“சாப்பிட்டு என்னத்துக்கு டொக்டரம்மா?”

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் நான் வைத்தியராக இருக்கும் கிளினிக்கில் மேசைமேல் ஒரு நாளைக்கு நோயாளிகளின் நூறு கிளினிக் கொப்பியாவது குவிந்துவிடும். எல்லாரும் அன்றைக்குப் பேர், அதாவது ஒரு நாள் கூலி, போனாலும் பரவாயில்லை என்று முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவர்கள். ஆளுக்கு நான்கு நிமிடம் கிடைத்தால் பெரிய விஷயம். அந்த நான்கு நிமிடத்தில் நான் விட்ட ஒரு பிழையைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

வந்தவர் தேயிலைக் கொழுந்து பறிக்கிற அம்மா, வயது 52. எட்டு வருஷமாகச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய (கிளை கழித்த) மலையில் கட்டை குத்தி வலது பாதத்தில் ஒரு புண், இரண்டு மாதமாகியும் ஆறவில்லை. வெறும் வயிற்றில் சீனி 280. மருந்தைக் கூட்டினேன். அடுத்த மாதம் 290. மறுபடி கூட்டிவிட்டு, “வாயைக் கட்டாட்டி காலை எடுக்க வேண்டி வரும்மா” என்று வரிசையில் நிற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

மூன்றாவது மாதம் ஒரு ஷொப்பிங் பேக்கை மேசையில் வைத்தார். உள்ளே நாங்கள் கொடுத்த மாத்திரைக் கவர்கள், ஒன்றுகூடப் பிரிக்காமல், மாதவாரியாக அடுக்கி ரப்பர் பட்டி போட்டிருந்தது. “அரசாங்கத்து மருந்து, வீணாப் போகக் கூடாதில்ல, வேற யாருக்காச்சும் குடுங்க.” ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டதற்குத்தான் தலைப்பில் இருக்கிற பதில். தை மாதம் புருஷன் இறந்துபோய்விட்டார். மகன் கொழும்பில் கடையில் வேலை, அவனிடமிருந்து போன் கோல் வருவது நின்றுபோயிருக்கிறது. வயிற்றுக்குள்ளேயே போகாத மருந்துக்கு நான் மாதாமாதம் அளவைக் கூட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்!

மனசுக்கும் நோய்க்கும் என்ன தொடர்பு என்று கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன். மனம் விழுந்தவர் மாத்திரை போடமாட்டார், புண்ணைக் கழுவமாட்டார், கிளினிக் திகதியை விட்டுவிடுவார். நீரிழிவு உள்ளவர்களிடம் மனச்சோர்வு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு அதிகம். ஆனால் சீனியைக் குத்திப் பார்க்கிற நாங்கள் அதைக் கேட்டுப் பார்ப்பதில்லை.

அப்புறம் உடம்புக்குள்ளேயே நடக்கிற வேலை ஒன்று இருக்கிறது. கவலையும் பயமும் நாட்கணக்கில் நீடித்தால் கோர்ட்டிசோல், அட்ரினலின் மாதிரியான சுரப்புகள் ஏறியே இருக்கும். அவை ஈரலைத் தூண்டி இரத்தத்தில் சீனியைக் கொட்ட வைக்கும், இன்சுலினின் வேலையையும் மந்தமாக்கும். காயம் ஆறுவதற்கு முதலில் வெள்ளணுக்கள் அந்த இடத்துக்கு வந்து சேரவேண்டும், அதையும் கோர்ட்டிசோல் தடுக்கும். 1995இல் அமெரிக்காவின் ஒஹாயோவில், மறதி நோய் வந்த உறவினரை வீட்டில் பராமரித்துக் களைத்துப்போன 13 பெண்களுக்கும், அந்தச் சுமை இல்லாத வேறு 13 பெண்களுக்கும் கையில் ஒரே அளவில் சின்னஞ்சிறு காயம் உண்டாக்கி எத்தனை நாளில் ஆறுகிறது என்று பார்த்தார்கள். முதல் கூட்டத்துக்கு ஒன்பது நாள் கூடுதலாகப் பிடித்தது. இது சுகதேகிகளின் கதை. சீனியும் இருந்து, புண்ணும் இருந்து, லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) தனியாகக் கிடக்கிறவருடைய நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

இதைக் கேட்டதும் சிலர், “அப்ப மனசைத் தைரியமா வச்சா எந்த வருத்தமும் ஓடிரும்” என்று கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு இந்தப் பேச்சில் கோபமே வரும். பரவிய மார்பகப் புற்றுநோய் உள்ள பெண்கள் குழுவாகக் கூடிப் பேசியதால் ஆயுள் நீண்டது என்று 1989இல் ஓர் ஆய்வு வந்து உலகமே கொண்டாடியது. 2001இல் 235 பெண்களை வைத்துத் திரும்பச் செய்தபோது ஆயுள் நீளவில்லை. வலி குறைந்தது, மனம் தேறியது. அதுவே பெரிய காரியம், ஆனால் அவ்வளவுதான். நோய் முற்றியவரிடம் போய் உனக்குத் தைரியம் போதாது என்பது பழியை அவர் தலையில் போடுகிற வேலை. தோட்டத்துக் காவல்தெய்வமான ரோதைமுனிக்கு நேர்ந்துகொண்டு கயிறு கட்டி வருகிறவர்களிடம் நான் கயிற்றை அவிழ்க்கச் சொல்வதில்லை. கயிறும் இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும் என்பேன்.

இப்போது ஒவ்வொருவரிடமும் இரண்டு கேள்வி கேட்கிறேன். போன 2 வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா? மனம் சோர்ந்து, இனி என்ன இருக்கு என்று தோன்றியதா? இரண்டுக்கும் ஒரு நிமிடம் போதும். வீட்டில் இருப்பவர்களும் கேட்கலாம். எங்கள் ஆட்கள் கவலை என்று வாய்விட்டுச் சொல்வது குறைவு. மேலெல்லாம் வலி, நெஞ்சு படபடக்குது, ராவுல தூக்கமில்ல என்றுதான் வரும். ஆமென்றால் விட்டுவிடாதீர்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணுக்கு அழைக்கலாம், ஆதார வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருந்தால் அங்கே போகலாம்.

அந்த அம்மாவை அங்கே அனுப்பியபோது அவர் கேட்ட முதல் கேள்வி, “அங்கொடைக்கா அனுப்புறீங்க?” கொழும்புப் பக்கத்துப் பெரிய மனநல ஆஸ்பத்திரியைத்தான் அப்படிச் சொன்னார். இல்லை, பக்கத்துக் கட்டடத்துக்குத்தான் என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. பேச்சும் மாத்திரையுமாக ஐந்து மாதம் பிடித்தது. லயத்தில் பக்கத்துக் காம்பராவில் (அறையில்) ஏ.எல். (உயர்தரம்) படிக்கிற பிள்ளை இரவில் வந்து மாத்திரையை எடுத்துக்கொடுக்கும், மகனுக்கு கோல் எடுத்தும் கொடுக்கும். அவன் எப்போதாவது எடுப்பான். புண் ஆறிவிட்டது, சுண்டுவிரலைக் காப்பாற்ற முடியவில்லை. போன கிளினிக்கில் சீனி 150. கவர்களைக் காட்டச் சொன்னேன். காலியாக இருந்தன, ஆனால் பழக்கம் போகவில்லை, அவற்றையும் அடுக்கி ரப்பர் பட்டி போட்டுத்தான் கொண்டுவந்திருந்தார்.