கல்ச்சர்: கலாச்சாரம் அன்று, வளர்ப்பு

மருத்துவச் செய்திகளைத் தமிழில் தரும் இணையப் பக்கங்களில் 'சிறுநீர் கலாச்சாரம்', 'இரத்த கலாச்சாரம்' என்னும் தொடர்கள் கூச்சமின்றி உலவுகின்றன. ஆங்கிலத்தில் யூரின் கல்ச்சர், பிளட் கல்ச்சர் எனப்படும் ஆய்வகச் சோதனைகளின் மொழிபெயர்ப்பாம் இவை. சிறுநீருக்கு ஏது கலாச்சாரம் என்று, எழுதியவரோ இயந்திரம் எழுதியதைச் சரிபார்த்தவரோ ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

உழுதல், பேணுதல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையடியில் பிறந்தது கல்ச்சர் என்னும் ஆங்கிலச் சொல். மனத்தைப் பண்படுத்துதல் என்ற பொருள் பின்னர் ஏறியது. ஆய்வகத்தில் வழங்குவது பழைய பொருளே. சிறுநீரையோ சளியையோ, கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகார் என்னும் கூழ் உறைந்த தட்டில் தீற்றி, உடல் வெப்பநிலையில் வைத்து, உள்ளிருக்கும் கிருமியைக் கண்ணுக்குத் தெரியும் திட்டுகளாகப் பெருகவிடுகிறார்கள். 1880களில் ஜெர்மானிய நுண்ணுயிரியலாளர் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் உருப்பெற்ற முறை இது.

வடசொல்லை விலக்குவதாக எண்ணி இதைப் 'பண்பாட்டுச் சோதனை' என்று திருத்தினால், பிழைதான் தூய தமிழுக்கு மாறும். நிலத்தைப் பண்படுத்துவதும் அச்சொல்லில் அடங்கும் என வாதிடலாம். ஆனால் பண்படுவது நிலம்; வளர்வது பயிர். தட்டில் நாம் தேடுவது பயிரை. தமிழில் இதற்குச் சொற்பஞ்சமும் இல்லை: மீன் வளர்ப்பு, தேனீ வளர்ப்பு, பட்டுப்புழு வளர்ப்பு எல்லாம் நெடுநாள் வழக்கு, உழவர்கள் திசு வளர்ப்பு வாழை என்கிறார்களே அன்றி, திசு கலாச்சார வாழை என்பதில்லை. ஆகவே கிருமி வளர்ப்புச் சோதனை என்பதே போதும்.

அப்படிச் சொன்னால் நோயாளிக்கும் பாதி விளக்கம் கிடைத்துவிடும். ஆன்டிபயாட்டிக் தொடங்குமுன் ஏன் மாதிரி தர வேண்டும்? மருந்து பட்ட கிருமி தட்டில் வளராமல் போகலாம். சிறுநீர் முடிவுக்கு ஏன் ஓரிரு நாளும், காசநோய்ச் சளிக்கு ஏன் பல வாரங்களும் ஆகின்றன? அந்தந்தக் கிருமி வளரும் வேகம் அப்படி. அறிக்கையில் 'வளர்ச்சி இல்லை' என்று வருவதும் அப்போதுதான் பொருந்தும்.

அறிக்கையின் அடுத்த வரியிலேயே இன்னொரு குளறுபடி: 'சென்சிட்டிவ்' என்பதற்கு 'உணர்திறன்'. அதைப் படிப்பவர் தமக்கு அம்மருந்து ஒவ்வாது என்று அஞ்சுகிறார். அங்கே சொல்லப்படுவது நோயாளியின் உடலைப் பற்றியதே அன்று; அம்மருந்துக்கு அக்கிருமி கட்டுப்படும் என்பதுதான். 'மருந்துக்குக் கட்டுப்படும்', 'கட்டுப்படாது' என்று அச்சிட ஆய்வகங்களுக்கு என்ன தடை?